34,021 வாக்குகள்

இரட்டை இலை என்றதும் நமக்கெல்லாம் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, நாம் இன்று குடியிருக்கும் இந்தக் கோவாவில் இரட்டை இலை ஜெயித்திருக்கிறது. அப்போது அது கட்சிச் சின்னம் அல்ல. ஒரு கேள்விக்கு ஜனங்கள் சொன்ன பதில்.

1961 டிசம்பரில் போர்த்துகீசியர் ஆட்சி முடிந்ததும், கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்ப்பதா, யூனியன் பிரதேசமாகவே வைப்பதா என்ற வழக்கு கிளம்பியது. 1963 தேர்தலில் இணைப்பு கேட்ட மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி வென்று, தயானந்த் பந்தோட்கர் முதல்வரானார். ஜெயித்தாச்சு, சட்டசபையில் தீர்மானம் போட்டால் போதாதா என்றது அந்தப் பக்கம். ஜாக் டி செக்வேராவின் ஐக்கிய கோவர் கட்சியோ, ஜனங்களையே நேரடியாகக் கேளுங்கள் என்றது. 1966 டிசம்பரில் பார்லிமெண்ட் இதற்கென்றே சட்டம் இயற்றியது. வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்க வேண்டும் என்பதால் பந்தோட்கர் மந்திரிசபை விலகியது.

1967 ஜனவரி 16. இணைப்புக்குப் பூ, யூனியன் பிரதேசத்துக்கு இரட்டை இலை. கோவாவில் இலைக்கு 1,72,191, பூவுக்கு 1,38,170. வித்தியாசம் 34,021. பம்பாயில் பிழைத்துக்கொண்டிருந்த கோவாக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரைவிட்டு வந்த நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

இத்தனை சதவீதம் வந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை ஏதும் இல்லை. ஓர் ஓட்டு கூடினாலும் வெற்றிதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் இருந்தவர்கள் 3,88,432 பேர். அவர்களில் இலைக்குப் போட்டவர்கள் சுமார் 44 சதவீதம், பூவுக்கு 36கூட இல்லை. மொத்த வாக்காளரில் பாதிப்பேர் வேண்டும் என்று விதி இருந்திருந்தால் இரண்டு பக்கமுமே தோற்றிருக்கும்! அப்போது, எந்தப் பக்கத்தின் முன்னால் வேலி போட்டார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கும்.

ஸ்காட்லாந்தில் அப்படித்தான் நடந்தது. 1979 மார்ச் 1 அன்று தனிச் சட்டசபை வேண்டும் என்றவர்கள் 51.6 சதவீதம். ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் தேவை என்று சட்டத்தில் நுழைத்திருந்தார்கள், வந்தது 32.9தான். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவரும் எதிர்த்தவராக எண்ணப்பட்டார். அந்தக் கசப்பு அதே மாதம் லண்டன் ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்வதில் போய் முடிந்தது. 1997இல் அந்த நிபந்தனை இல்லாமல் மறுபடி கேட்டபோது 74 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

கோவாவில் தோற்றவர் என்ன செய்தார்? என்னைக் கேட்டால் கதையின் சுவையே இங்கேதான். இரண்டு மாதம் கழித்து, 1967 மார்ச்சில் சட்டசபைத் தேர்தல். 30 இடங்களில் 16 மறுபடி பந்தோட்கர் கட்சிக்கே! இணைப்பு வேண்டாம் என்ற அதே ஜனங்கள்தான் ஆட்சியை அவர் கையில் கொடுத்தார்கள். முன்னர் தீர்மானம் போட்டால் போதாதா என்றவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன இருக்கிறது? கட்சிக்குப் போட்ட ஓட்டு வேறு, இணைப்புக்கான ஓட்டு வேறு.

தோற்றாலும் ஆளும் வாய்ப்பு கைவிட்டுப் போகவில்லை என்பதால்தான் முடிவை ஏற்பது அவர்களுக்குச் சாத்தியமாயிற்று என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று தான் எதிர்த்த அதே யூனியன் பிரதேசத்துக்கு, 1973 ஆகஸ்டில் காலமாகும் வரை பந்தோட்கரே முதல்வராக இருந்தார். கோவா தனி மாநிலமானது 1987 மே 30 அன்று.