பழைய பொறியும் புதிய உயிரும்

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டில் படிக்கிறோம். புலவர்களின் வரலாற்றை ஏட்டில் படிக்கிறோம். உழைக்கும் மக்கள் கையாண்ட கருவிகளின் வரலாற்றை எங்கே படிப்பது? அக்கருவிகளிடமேதான் படிக்க வேண்டும். ஆனால் கல்லையும் ஏட்டையும் போலக் கருவியை எவரும் பேணுவதில்லை. ஓடும் வரையில் வைத்துக் கொள்கிறோம். நின்றுவிட்டால் பழைய இரும்புக்காரனிடம் எடை போட்டுக் கொடுத்து விடுகிறோம்.

இவ்வாறு மறைந்து போகவிருந்த ஒரு கருவியைக் காப்பாற்றி வரும் கூட்டத்தார் அமெரிக்காவில் இருக்கின்றனர். அறுபது ஆண்டுக்கு முற்பட்ட சிறு தோட்ட டிராக்டர்களைக் கொட்டகைகளிலிருந்து இழுத்து வந்து, துருவைப் போக்கி, காணாமற்போன உறுப்புகளைத் தேடிப் பொருத்தி, மீண்டும் ஓடச் செய்கிறவர்கள் அவர்கள். இதனை வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு பொறி எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்னும் கேள்விக்கு அவர்கள் பட்டறையில் விடை கிடைக்கிறது.

புறநகர் பெற்ற பிள்ளை

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் வீடு வாங்குவதற்கு, 1944இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று கடன் வசதிக்கு வழி செய்திருந்தது. நகரங்களைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. நியூயார்க் நகருக்கு அருகிலுள்ள லாங் ஐலண்டில், லெவிட்டவுன் என்ற ஓரிடத்தில் மட்டும், 1947க்கும் 1951க்கும் இடையே 17,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. அங்கே மனைகள் சிறியவை. கையால் தள்ளும் புல்வெட்டியே போதும். ஆனால் நகரை விட்டு இன்னும் விலகிச் சென்று, அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வாங்கியவர்களுக்கு அது போதவில்லை. உழவர் வைத்திருந்த டிராக்டரோ அவர்களுக்கு மிகப் பெரிது. கோடையில் புல் வெட்டவும், வசந்தத்தில் காய்கறிப் பாத்தி உழவும், பனிக்காலத்தில் வாசற்பனியைத் தள்ளவும் இடைத்தரமான ஒரு பொறி தேவையாயிற்று.

இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவரும் அவர் மகன் செசில் பாண்டும் 1946இல் சிறு டிராக்டர்களைச் செய்யத் தொடங்கினர். அந்த முயற்சியே பின்னர் 'வீல் ஹார்ஸ்' என்ற புகழ்பெற்ற நிறுவனமாயிற்று. சிறியோர் வெற்றி கண்ட துறையில் பெரியோரும் இறங்குவது உலகத்து இயல்பு. 1902இல் உருவான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி அந்நாட்டு உழவுக்கருவித் தொழிலில் முன்னணியில் நின்றது. அது 1961இல் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையிலிருந்து ஒரு தோட்ட டிராக்டரை வெளியிட்டது. 'கப் கேடட்' என்பது அதன் பெயர். அக்கம்பெனியின் உழவு டிராக்டர்கள் சிவப்பு நிறத்தவை. இதற்கு மட்டும் மஞ்சளும் வெள்ளையும் பூசினர். உழவர் பொருள் வேறு, வீட்டுக்காரர் பொருள் வேறு என்று நிறமே சொல்லிற்று.

இரவல் உறுப்பின் நன்மை

இந்த டிராக்டரைப் பிரித்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். அதில் புதிதாகப் படைக்கப்பட்டது குறைவு. இரவல் வாங்கியது அதிகம். பின்புறத்துக் கியர்ப் பெட்டி, அதே கம்பெனி 1947 முதல் விற்று வந்த 'ஃபார்மால் கப்' என்னும் சிறு உழவு டிராக்டரின் கியர்ப் பெட்டியிலிருந்து வந்தது. எஞ்சினோ கம்பெனியின் சொந்தச் சரக்கே அன்று. குளியல் தொட்டிக்கும் கழுவு தொட்டிக்கும் பெயர் பெற்ற விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் கம்பெனி செய்த 7 குதிரைச் சக்தி எஞ்சின் அது. ஒற்றைச் சிலிண்டர் கொண்டது, காற்றினால் குளிர்வது. கோலர் எஞ்சின்களைப் போட்டிக் கம்பெனிகளும் வாங்கித் தம் டிராக்டர்களில் பொருத்தின.

அன்று செலவைக் குறைக்கச் செய்த இந்தச் சிக்கனமே இன்று அப்பொறிக்கு ஆயுளைத் தந்திருக்கிறது. ஒரே எஞ்சின் பல கம்பெனிகளின் டிராக்டரில் ஓடியதால், அதன் உறுப்புகளுக்கு இன்றும் வாங்குவோர் உண்டு. வாங்குவோர் இருக்கும்வரை செய்வோரும் இருப்பர். சக்கரத்தையும் அச்சையும் தாங்கும் பேரிங்குகள் பொது அளவில் செய்யப்பட்டவை. விளிம்பில் பொறித்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலை விட்டம் அளந்து வாங்கலாம். பெல்ட்டை நீளமும் அகலமும் பார்த்து வாங்கலாம்.

மேலும், அந்த எஞ்சின் பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அது தேய்ந்தால் கடைசல் பட்டறையில் துளையைச் சற்று அகலமாகக் கடையலாம். அதற்கேற்ப அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு பருத்த பிஸ்டன்களைக் கம்பெனியே விற்றது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் அலுமினியக் கனெக்டிங் ராடு, இடையில் தனிப் புஷ் இன்றி நேராகக் கிராங்கின் மேல் அமர்ந்து சுழல்கிறது. கிராங்க் தேய்ந்தால் ஆயிரத்தில் 10 பங்கு அரைத்துவிட்டு, அந்த அளவுக்குச் சிறுத்த ராடைப் போடலாம். தேய்மானம் வரும் என்று முன்னரே எண்ணி, அதற்குப் பரிகாரமும் வைத்துச் செய்த பொறி அது.

பெயரை நம்பலாகாது

எல்லாம் இத்துணை எளிதாயின் தேடுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இடர் எங்கே தொடங்குகிறது என்றால், பெயர் ஒன்றாயிருந்து உறுப்பு வேறாயிருக்கும் இடத்தில் தொடங்குகிறது.

முதல் கப் கேடட்டில் இருந்த எஞ்சினுக்குக் 'கே 161' என்பது பெயர். ஏறத்தாழ 16 கன அங்குலக் கொள்ளளவும் 1 சிலிண்டரும் உடையது என்பது அதன் பொருள். ஆனால் தொடக்கத்தில் வந்த கே 161இன் துளை 2 அங்குலமும் எட்டில் ஏழு பங்கும். பின்னர் வந்ததன் துளை 2 அங்குலமும் பதினாறில் பதினைந்து பங்கும். வேறுபாடு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆயினும் முன்னதின் பிஸ்டன் பின்னதில் ஆடும். பின்னதின் பிஸ்டன் முன்னதில் நுழையவே நுழையாது. பெயரை மட்டும் சொல்லி வாங்கியவர் ஏமாறுவார். ஆகவேதான், எஞ்சினின் மேலுறையில் அடித்திருக்கும் தகட்டில் பெயருடன் விவர எண்ணும் வரிசை எண்ணும் பொறித்திருக்கிறார்கள். பழகியவர் எதனைக் கழற்றுவதற்கும் முன்னால் அந்தத் தகட்டைத் துடைத்துப் படிப்பர். வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்தையும் எண்ணையும் குறித்துக் கொள்வர். அதன் பிறகே ஸ்பேனரைக் கையிலெடுப்பர்.

இவற்றைவிடக் கடினமானவை அந்த டிராக்டருக்கென்றே செய்யப்பட்ட உறுப்புகள். எஞ்சின் மூடி, பெட்ரோல் தொட்டி, பெயர்ப் பலகை, இருக்கை ஆகியவற்றுக்குப் பொது அளவு கிடையாது. கார்புரேட்டரின் கதை இன்னொரு வகை. பழைய கோலர் எஞ்சின்கள் பலவற்றில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கார்ட்டர் கம்பெனியின் கார்புரேட்டர் இருந்தது. அந்தத் தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. மாற்றாகப் புதுக் கார்புரேட்டர் கிடைக்கிறது, எஞ்சினும் ஓடுகிறது. ஆனால் அது பழையது அன்று.

கம்பெனி போயிற்று, எண் நின்றது

இதற்கிடையே கம்பெனிகளும் கைமாறின. வீல் ஹார்ஸ் 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வசமும், 1986இல் டோரோ வசமும் சென்றது. 2007இல் அப்பெயரே விற்பனையிலிருந்து மறைந்தது. பணமுடையில் சிக்கிய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981இல் கப் கேடட்டை எம்.டி.டி. என்ற கம்பெனிக்கு விற்றது. பின்னர்த் தன் உழவுக் கருவிப் பிரிவையும் விற்று, 1986இல் தன் பெயரையும் நாவிஸ்டார் என்று மாற்றிக் கொண்டது. எம்.டி.டி.யை 2021இல் ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் முழுமையாக வாங்கியது.

இத்தனை கை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. பழைய கப் கேடட்டின் உறுப்பு எண்களுக்கு முன்னால் ஐ, எச் என்ற இரு எழுத்துகள் இன்றும் நிற்கின்றன. அவை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் முதலெழுத்துகள். கம்பெனி மறைந்தும் அதன் எண் மறையவில்லை. எண் இருப்பதால் அன்றைய உறுப்புப் பட்டியலை இன்றும் படிக்க முடிகிறது. எந்த உறுப்பு எங்கே அமரும் என்று அறிய முடிகிறது.

தேடுவோருக்கு அப்பட்டியலே வழிகாட்டி. அதனைக் கையில் வைத்துக் கொண்டு முதலில் முகவர்களிடம் கேட்பர். பின்னர், கடையை மூடிய பழைய முகவர்களின் அலமாரியில் பிரிக்கப்படாத பெட்டிகள் உண்டா என்று விசாரிப்பர். அங்கும் இல்லையெனில், ஓடாத மற்றொரு டிராக்டரை வாங்கிப் பிரிப்பர். இரண்டு பிணங்களிலிருந்து ஓர் உயிர் எழும். சிதைந்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி ஒரு நூலை முழுமையாக்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. எதுவுமே கிடைக்காத இடத்தில், உடைந்த உறுப்பை அளந்து புதிதாகக் கடைந்து கொள்வர்.

எது அசல்?

இவ்வாறு புதியதும் பழையதும் கலந்த பின், அந்த டிராக்டரை அசல் என்று சொல்லலாமா? இந்த வினாவில் அவர்களுக்குள்ளேயே இரு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே பளபளக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். உழைத்துத் தேய்ந்த வண்ணமும் ஒரு சான்றே. அதனைச் சுரண்டி எறிவது வரலாற்றை எறிவது என்பர் மற்றொரு சாரார். அக்காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடுமாதலால், உலர்ந்தபடி தேய்த்துத் தூசியை மூக்கில் ஏற்றிக் கொள்வது உடலுக்கும் கேடு.

நமக்குத் தோன்றும் நடுவழி ஒன்றுண்டு. ஓடுவதற்கு வேண்டிய உறுப்பு புதியதாயிருக்கட்டும். ஆனால் கழற்றிய பழைய உறுப்பை எறியாமல், இன்னது, இந்த ஆண்டில் கழற்றியது என்று சீட்டெழுதிக் கட்டி வைக்க வேண்டும். நாளை வருபவர் எது பழையது, எது நாம் சேர்த்தது என்று பிரித்தறிய முடிந்தால், அதுவே நேர்மை.

நாளைய பொறி

முதல் கப் கேடட்டைத் திறக்க ஸ்பேனர் போதும். இன்று வயலில் ஓடும் பெரிய டிராக்டரில் கணிப்பொறி இருக்கிறது. சில பழுதுகளைக் கம்பெனியின் மென்பொருள் இன்றித் தீர்க்க முடிவதில்லை. தாம் விலை கொடுத்து வாங்கிய பொறியைத் தாமே பழுது பார்க்கும் உரிமை வேண்டுமென்று அமெரிக்க உழவர்கள் வழக்காடினர். கொலராடோ மாநிலம் 2023இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 2024ஆம் ஆண்டின் முதல் நாளில் நடப்புக்கு வந்த அச்சட்டம், உறுப்பும் கருவியும் மென்பொருளும் விளக்க நூலும் உழவருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது.

இரும்பு துருப்பிடிப்பதால் மட்டும் பொறி சாவதில்லை. துருவை எண்ணெயும் பொறுமையும் வென்றுவிடும். அதன் அளவும் எண்ணும் வரைபடமும் மறைக்கப்படும் போதும், மறக்கப்படும் போதும்தான் பொறி உண்மையில் சாகிறது. 1961இல் செய்த சிறு டிராக்டர் இன்று மீண்டும் உறுமுகிறதென்றால், அதன் கதவைச் செய்தவர்கள் பூட்டாமல் விட்டார்கள் என்பதே காரணம். இன்று செய்யப்படும் பொறிகளை அறுபது ஆண்டு கழித்து எவரேனும் எழுப்ப முடியுமா? அதற்கு விடை நம் பேரப் பிள்ளைகளின் கைத்திறனில் இல்லை. நாம் இன்று திறந்து வைக்கும் ஏடுகளில் இருக்கிறது.