இரைச்சலுக்கு நடுவே மூன்று புள்ளிகள்

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள். நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றில், பட்டத்தில் கட்டி உயர்த்திய கம்பியோடு இணைந்த செவிக்கருவியைக் காதில் வைத்துக் காத்திருந்தார் மார்க்கோனி. கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து, மோர்ஸ் முறையில் 'எஸ்' என்னும் எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகள் இடைவிடாது அனுப்பப்பட்டன. அவற்றைக் கேட்டதாக அவர் அறிவித்தார். உதவியாளர் கெம்ப்பும் கேட்டதாகச் சொன்னார். உலகம் வியந்தது.

வியப்போடு ஐயமும் எழுந்தது. நாடாவில் பதிவு இல்லை, காதுகளே சாட்சி. சோதனை நடந்ததோ பகலில். 1902இல் 'பிலடெல்பியா' கப்பலில் மார்க்கோனியே செய்த சோதனையில், இரவில் 3,200 கிலோமீட்டர் எட்டிய அலைகள் பகலில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரோடு நின்றன. அப்படியாயின் குன்றின்மேல் கேட்டது போல்டுவின் குரலா, வளிமண்டலத்தின் இரைச்சலா? இவ்வழக்கு இன்றும் தீரவில்லை. சமிக்ஞை எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று எவரும் அன்று அளக்கவில்லை என்பதே காரணம்.

அளவுகோல் 1928இல் கிடைத்தது. கடத்தியினுள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைக்கழிவதே ஓர் இரைச்சலாகிறது என்பதைப் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான்சன் அளந்து காட்டினார். அதற்குரிய சூத்திரத்தை நைக்விஸ்ட் வருவித்தார். வெப்பநிலையும் அலைப்பட்டையின் அகலமும் கூடக்கூட இரைச்சலும் கூடும். இது கருவியின் குறையன்று, இயற்கையின் இயல்பு. 1948இல் அதே கூடத்தின் கிளாட் ஷானன் அடுத்த அடியை வைத்தார். இரைச்சலை ஒழிக்க வேண்டியதில்லை. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒரு வேக வரம்பை விதிக்கிறது. தக்க குறியீட்டு முறை இருந்தால் அவ்வரம்புக்குள் பிழையை வேண்டுமளவு குறைக்கலாம் என்று நிறுவினார்.

நம் வீட்டு வைஃபையை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வெப்ப இரைச்சல் சுமார் −101 டெசிபெல்-மில்லிவாட். ஏற்பியின் சொந்த இரைச்சலாக 6 டெசிபெல் கூட்டினால் −95. வந்துசேரும் சமிக்ஞை −65 என்றால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க 30 டெசிபெல். அதாவது சமிக்ஞை இரைச்சலைப்போல் ஆயிரம் மடங்கு. டெசிபெல் மடக்கை அளவாதலால் வகுத்தல் இங்கே கழித்தலாகிறது. ஆயிரத்தோடு ஒன்றைக் கூட்டி, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை கண்டு, பட்டை அகலத்தால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 20 கோடி பிட். இதுவே ஷானன் வரம்பு. சுவர்கள் குறுக்கிட்டு விகிதம் 10 டெசிபெல்லாகக் குறைந்தால் சமிக்ஞை நூறில் ஒரு பங்காகிறது. வரம்போ 7 கோடியளவில், மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகவே நிற்கிறது. மெலிந்த குரலையும் நம்பிப் பிழைக்கலாம் என்பதே இக்கணக்கு தரும் தைரியம்.

மார்க்கோனியின் நாளில் 'கேட்டேன்' என்பது ஒரு சாட்சியம். இன்று அதற்கு ஓர் எண் உண்டு. சிக்னல் ஹில்லில் அன்று அந்த எண் எத்தனை என்பதை இனி எவரும் அளக்க இயலாது.