பல்லில்லாத் திமிங்கிலம்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மீதேறி நிற்போர்க்குச் சுற்றிலும் பாறைகளே தெரியும். தேசிங்கின் கதையைச் சொல்லும் அப்பாறைகள் தொல்லுயிர்களின் கதையைச் சொல்லா. தீக்குழம்பு இறுகிய கல்லில் எலும்பு தங்குவதில்லை. அதற்கு நாம் தென்கிழக்கே திருவக்கரைக்குச் செல்லவேண்டும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. மரம் கல்லாகுமெனில் திமிங்கிலமும் ஆகுமா என்று மாணவர் ஒருவர் அங்கே கேட்டார். ஆகும் என்றோம்.

திமிங்கிலம் என்பது வடசொல். 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது என்பது பொருள். அச்சொல்லில் விழுங்குதல் உண்டு, கடித்தல் இல்லை. அதற்கேற்ற உயிரொன்று 2017இல் அறிவுலகிற்கு அறிமுகமாயிற்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரையொட்டிய வாண்டோ ஆற்றடியில் மூழ்கித் தேடிய ஒருவர் கண்டெடுத்த மண்டையோடு அது. வயது ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள். நம் கடலோரத்தார் ஓங்கில் என்றழைக்கும் டால்பினை ஒத்தது. நீளம் சுமார் 4 அடி. குட்டையான மூக்கு கீழ்நோக்கி வளைந்திருந்தது. பல் ஒன்றுகூட இல்லை. கடலடியில் இரையை உறிஞ்சி விழுங்கியிருக்கும் என்பது ஆய்வாளர் முடிவு. 'ஆயுதமற்ற மூக்கு' என்ற பொருளில் இனெர்மோரோஸ்ட்ரம் எனப் பெயரிட்டனர்.

பல்லை இழந்த இவ்வினம் அதற்கும் முன்பே கால்களை இழந்திருந்தது. கால்களோடு திரிந்த அதன் உறவினரைக் காட்டியது இந்திய மண். நிலவியலாளர் அ. ரங்க ராவ் ஜம்முப் பகுதியிலுள்ள காலாகோட்டில் கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் கொண்டு, 1971இல் இண்டோஹையஸ் என்ற குளம்புடைய சிறுவிலங்கை அறிவித்தார். அங்கே அவர் திரட்டிய கற்கள் பல உடைக்கப்படாமலே இருக்க, அவர் காலமானார். அவருடைய துணைவியார் அக்கற்களை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே, திமிங்கிலங்களுக்கே உரியதென்று கருதப்பட்ட தடித்த செவியெலும்பு! 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நீரில் இறங்கி நடந்த அவ்விலங்கு திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று 2007இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. ரங்க ராவ் அதை அறியவில்லை.

ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளைப் பற்றி உ.வே.சா. வழியே அறிந்த நமக்கு, அந்த அம்மையார் செய்த காரியத்தின் அருமை புரியும். திருவக்கரையில் கேள்வி கேட்ட அதே மாணவர், நினைவுக்காக ஒரு கல்துண்டைச் சட்டைப்பையில் போட்டிருந்தார். கிடந்த இடம் தெரிந்தால்தான் கல் சாட்சி சொல்லும் என்று சொல்லி, இந்தக் கதையையும் சொன்னோம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.