வலையமைப்பு அச்சிடலும் கட்டளை வழிப் பழுதறிதலும் – ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதியோர் செயலிகளையும் நினைவகங்களையும் பற்றி எழுதிய அளவுக்கு அச்சுப்பொறியைப் பற்றி எழுதினாரல்லர். ஆயின், ஒரு நிறுவனத்திற் பலரும் பங்கிட்டுப் பயன்படுத்திய முதற் கருவிகளுள் அதுவும் ஒன்றாகும். பங்கிடப்படும் பொருளுக்கு வரிசை வேண்டும்; வரிசை உண்டானவிடத்து, அது ஏன் நகரவில்லை என்ற வினாவும் உண்டாகும். அவ்வினாவுக்கு விடை காண எழுந்த கட்டளைகளின் வரலாறே ஈண்டு நோக்கப்படுகின்றது.

யூனிக்ஸ் முறைமையில் அச்சிடும் கட்டளைக்கு ‘எல்.பி.ஆர்.’ என்று பெயர். ‘வரி அச்சுப்பொறி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. வரி வரியாக அச்சிட்ட அப்பொறிகள் வழக்கொழிந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது. பயனர் அனுப்பும் கோப்பு வட்டில் ஓரிடத்திற் சேமிக்கப்படும்; பின்னணியில் இயங்கும் ‘டீமன்’ என்னும் நிரல் ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கு விடும். பொறி அடுத்த அறையில் இருந்த காலத்திற் பழுதறிதல் எளிது: எழுந்து சென்று பார்த்தாற் போதும். வலையமைப்பு வந்தபோதுதான் மனிதனுக்கும் பொறிக்கும் இடையே தூரம் ஏற்பட்டது.

அத்தூரத்தின் விளைவை மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடம் நன்கு உணர்ந்தது. கடதாசி சிக்கிக்கொண்டால், காத்திருப்போரின் திரைகளுக்கு உடனே செய்தி செல்லும் வகையில் அங்கிருந்த பழைய அச்சுப்பொறியின் நிரலை றிச்சட் ஸ்ரோல்மன் மாற்றியமைத்திருந்தார். 1980ஆம் ஆண்டளவில் செரொக்ஸ் நிறுவனம் வழங்கிய புதிய லேசர் பொறிக்கு மூல நிரல் தரப்படவில்லை; ஆதலால் அம்மாற்றத்தைச் செய்ய இயலவில்லை. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரும், இரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டிருந்தமையாற் பகிர மறுத்தார். 1983 செப்டெம்பரில் ஸ்ரோல்மன் அறிவித்த ‘குனூ’ திட்டத்திற்கு இந்நிகழ்வு ஒன்றே காரணம் எனல் மிகையாகலாம். எனினும் அவரே இதனைத் திருப்புமுனையாகச் சுட்டியுள்ளார்.

அதே 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் வெளியிட்ட 4.2 பதிப்பு யூனிக்ஸ், வேறொரு கணினியுடன் இணைந்த அச்சுப்பொறியையும் தன்னதேபோற் பயன்படுத்த இடமளித்தது. வரிசையைக் காட்ட ‘எல்.பி.கியூ.’, அதிலிருந்து நீக்க ‘எல்.பி.ஆர்.எம்.’, முழு முறைமையையும் ஆள ‘எல்.பி.சி.’ என்பன அதன் கட்டளைகள். இவற்றுள் எல்.பி.கியூ. தரும் விடைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. ‘டீமன் இல்லை’ என்பது ஒன்று. ‘சேய்மைக் கணினி எழும்வரை காத்திருக்கின்றது’ என்பது இன்னொன்று. ‘அங்கே வரிசை திறக்கப்படும்வரை காத்திருக்கின்றது’, ‘அங்கே இடமில்லை’ என்பன வேறு. பயனர் காண்பது ஒன்றே: தாள் வரவில்லை. அவ்வொரு மௌனத்தைப் பல காரணங்களாகப் பிரித்துக் காட்டியமையே இக்கட்டளையின் சிறப்பு. ஆயினும் மறுமுனையிற் கடதாசி சிக்கியதா தீர்ந்ததா என்பதை அது அறியாது. ‘இணைப்பு அறுந்துள்ளதோ’ என்ற கருத்தில் ஒரு வினாக்குறியுடன் நின்றுவிடும்.

பேர்க்லியின் நடைமுறை 1990 ஓகஸ்ற்றில் ஆர்.எவ்.சி. 1179 என்ற ஆவணமாக எழுதப்பட்டது. வழக்கிலிருந்ததை விவரித்த தகவற் குறிப்பேயன்றி அது விதித்த நியமமன்று. சேவையகம் 515ஆம் துறையிற் கேட்டிருக்கும். அனுப்பும் கணினியோ 721 முதல் 731 வரையான துறைகளுள் ஒன்றிலிருந்தே பேசவேண்டும். யூனிக்ஸில் 1024க்குக் கீழ்ப்பட்ட துறைகளை நிருவாகி மட்டுமே திறக்கலாம் என்பதால், அத்துறைகளிலிருந்து வருவது நம்பத்தக்கது எனக் கொள்ளப்பட்டது. இதன் விளைவு விந்தையானது. மூடிய இணைப்பின் துறை எண்ணை ரி.சி.பி. நெறிமுறை சில நிமிடங்கள் ஒதுக்கி வைத்திருக்கும். சிறு கோப்புகளை அடுத்தடுத்து அனுப்பினால் பதினொரு துறைகளும் தீர்ந்து, பன்னிரண்டாவது கோப்பு அசையாது நிற்கும். பொறியிற் பழுதில்லை, கம்பியிற் பழுதில்லை, கடதாசியும் உண்டு. ‘நெற்ஸ்ராற்’ கட்டளையில் அப்பதினொரு எண்களும் காத்திருப்பு நிலையில் தொங்குவதைக் கண்டவர்க்கே உண்மை புலப்படும். சிறிது நேரத்தில் எல்லாம் தாமே சரியாகிவிடுவதாற் பலர் காரணத்தை அறியாமலே விட்டிருப்பர். ஒவ்வொருவரும் தத்தம் மேசைக் கணினிக்கு நிருவாகியானபோது அந்நம்பிக்கையும் பொருளற்றுப் போயிற்று.

ஏ.ரி.அன்ட்.ரி. நிறுவனத்தின் ‘சிஸ்ரம் ஃபைவ்’ யூனிக்ஸ் வேறு வழியிற் சென்றது. வரிசை புதிய கோப்பை ஏற்பது வேறு, ஏற்றதை அச்சிடுவது வேறு என இரு வாயில்களை அது வகுத்து, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகளை வைத்தது. இப்பகுப்பே தெளிவானது எனலாம்.

மைக்கல் சுவீற் 1997இல் தொடங்கி 1999இல் வெளிவந்த ‘கப்ஸ்’ இவ்விரு மரபின் கட்டளைகளையும் ஒருங்கே ஏற்றது. ‘பாஷ்’ என்னும் கட்டளை ஓட்டிற்கு ‘எனேபிள்’ என்ற உட்கட்டளை ஏற்கெனவே இருந்தமையால், அச்சுப்பொறியை இயக்குங் கட்டளை ‘கப்ஸ்எனேபிள்’ எனப் பின்னர் முன்னொட்டுப் பெற்றது. இக்கட்டளையின் தேவை அடிக்கடி எழும். அனுப்புதல் தோல்வியுற்றால் வரிசையையே நிறுத்திவிடுவது கப்ஸின் இயல்பான ஒழுங்கு. கம்பியைத் திரும்பச் செருகிய பின்னரும் வரிசை நின்றபடியே நிற்கும். ‘எல்.பி.ஸ்ராற்’ கட்டளையால் நிலையைக் கண்டு, வாயிலைத் திறந்துவிடல் வேண்டும். கப்ஸ் கைக்கொண்ட இணைய அச்சிடல் நெறிமுறை, 631ஆம் துறை வழியாக, கடதாசி தீர்ந்தது, சிக்கியது, மை குறைந்தது என்பவற்றைப் பொறியே தெரிவிக்க வழிசெய்தது. ஸ்ரோல்மன் தம் கையாற் செய்த மாற்றம் இவ்வாறு பொது நெறியிலும் இடம்பெற்றது.

2002இல் அப்பிள் நிறுவனம் கப்ஸை ஏற்று, 2007இல் அதன் உரிமையையும் வாங்கியது. 2019 இறுதியிற் சுவீற் அங்கிருந்து விலகியபின், ‘ஓப்பன்பிரின்ரிங்’ குழு அப்பணியைத் தொடர்ந்தது. 2024 செப்டெம்பரில், வலையமைப்பிலுள்ள அச்சுப்பொறிகளைத் தேடித் தாமாகச் சேர்க்கும் துணைச் சேவையிற் பெருங்குறை வெளிப்பட்டது. 631ஆம் துறைக்கு யார் அனுப்பிய செய்தியையும் அது ஐயுறாது ஏற்றது. அவ்வாறு சேர்ந்த போலிப் பொறிக்குப் பயனர் ஒரு கோப்பை அனுப்பினால், அந்நியரின் கட்டளை அவர் கணினியில் இயங்கக்கூடும். திருத்தம் வரும்வரை அச்சேவையை நிறுத்திவைக்குமாறு நிருவாகிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. அதற்கும் ஒரு வரிக் கட்டளை போதுமாயிருந்தது.