தானுந்துக் குளிரூட்டிப் பராமரிப்பு

தானுந்துக் குளிரூட்டிப் பராமரிப்பு என்பது தானுந்துகளில் பொருத்தப்பட்டுள்ள குளிரூட்டும் அமைப்பைத் தூய்மையாகவும் கசிவின்றியும் வைத்திருத்தல், பழுதின் காரணத்தைக் கண்டறிதல், தேவைப்படின் குளிர்பதனப் பொருளை மீள நிரப்புதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். இவ்வாறு நிரப்புவது பேச்சு வழக்கில் "கேஸ் அடித்தல்" அல்லது "கேஸ் நிரப்புதல்" எனப்படுகிறது.

குளிர்பதனப் பொருள் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்வதன்று; மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்பச் சுழல்வது ஆகும். எனவே அதன் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால், அமைப்பில் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் கோடைதோறும் நிரப்பி வருவது மலிவான வழியாகத் தோன்றினாலும், இறுதியில் அமுக்கி பழுதடைந்து பெருஞ்செலவு ஏற்படலாம். வெளியேறும் வளிமம் புவி வெப்பமடைதலுக்கும் காரணமாகிறது.

வரலாறு

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டில் தொழிற்சாலையிலேயே குளிரூட்டி பொருத்தப்பட்ட தானுந்தை அறிமுகப்படுத்தியது. அதன் ஆவியாக்கி வண்டியின் பின்பகுதியில் இருந்தது. அமுக்கியைத் தனியே நிறுத்தும் கிளட்ச் அதில் இல்லை. 1954இல் நேஷ் நிறுவனம் எல்லாப் பாகங்களையும் வண்டியின் முன்பகுதியில் ஒருங்கிணைத்த அமைப்பை வெளியிட்டது. இன்றைய அமைப்புகள் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

தொடக்கக் காலக் குளிரூட்டிகளில் ஆர்-12 என்னும் குளோரோபுளோரோகார்பன் பயன்பட்டது. இவ்வகைச் சேர்மங்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை இவற்றைப் படிப்படியாக ஒழிக்க வழி வகுத்தது. 1990களில் ஆர்-134ஏ இதன் இடத்தைப் பிடித்தது. இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளுக்கு ஆர்-12 போன்றவற்றைக் கைவிட 2010 வரை காலக்கெடு அளிக்கப்பட்டிருந்தது.

செயற்படும் முறை

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வண்டியின் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. இதன் முதன்மைப் பாகங்கள் பின்வருமாறு:

- அமுக்கி: பட்டறைகளில் கம்ப்ரசர் என வழங்குவது. எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக இயங்கி, வளிம நிலையில் உள்ள குளிர்பதனப் பொருளை அழுத்துகிறது. பல வண்டிகளில் மின்காந்தக் கிளட்ச் இதனை எஞ்சினுடன் இணைக்கவும் பிரிக்கவும் செய்கிறது.
- ஒடுக்கி: கண்டென்சர் எனப்படுவது. ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்திருக்கும். சூடான வளிமம் இங்கே வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது.
- ஈரம் உறிஞ்சி: டிரையர் எனப்படுவது. அமைப்பில் எஞ்சிய ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.
- விரிவு வால்வு: உயர் அழுத்த நீர்மத்தை நுண்துளை வழியாகச் செலுத்தி அதன் அழுத்தத்தைத் திடீரெனக் குறைக்கிறது.
- ஆவியாக்கி: கூலிங் காயில் எனப்படுவது. டாஷ்போர்டின் உட்புறம் இருக்கும். இங்கே நீர்மம் ஆவியாகும்போது வண்டியினுள் வீசும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது.

இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் ஆர்-134ஏ சுமார் −26 °செ வெப்பநிலையில் கொதிக்கும். ஆவியாக்கியில் அளவியில் காட்டும் அழுத்தம் ஏறத்தாழ 2 பார் இருக்கும்போது அது 0 °செ அளவில் கொதிக்கிறது. காற்றிலுள்ள ஈரம் ஆவியாக்கியின் மீது நீராகப் படிந்து வண்டிக்கு அடியில் சொட்டும். இந்நீர்ச் சொட்டு பழுதன்று, இயல்பானதே.

அமுக்கிக்குத் தேவையான எண்ணெயும் குளிர்பதனப் பொருளுடன் கலந்தே சுழல்கிறது. எனவே வளிமம் கசியும்போது எண்ணெயும் வெளியேறலாம். வளிமம் குறைந்த நிலையில் எண்ணெய் அமுக்கிக்குச் சரிவரத் திரும்பாது. அமுக்கி உராய்ந்து பழுதடைந்தால், உதிரும் உலோகத் துகள்கள் மற்ற பாகங்களையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கவே அழுத்தம் மிகவும் குறையும்போது கிளட்சைத் துண்டிக்கும் அழுத்த உணரி பொருத்தப்பட்டுள்ளது. இவ்வுணரியின் கம்பிகளை நேரடியாக இணைத்து அமுக்கியை ஓட வைப்பது தவறான வழக்கமாகும்.

குளிர்ச்சி குறைவதற்கான காரணங்கள்

குளிர்ச்சி குறைந்தவுடன் வளிமம் குறைந்துவிட்டது என முடிவு செய்தல் கூடாது. செலவில்லாத அல்லது குறைந்த செலவில் தீரும் காரணங்களை முதலில் சோதிப்பதே முறையாகும்.

- காற்று குளிர்ந்து வந்தாலும் குறைவாக வீசினால், கேபின் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருக்கலாம். பல வண்டிகளில் இது கைப்பெட்டிக்குப் பின்னால் உள்ளது. உரிமையாளரே கழற்றி மாற்றலாம்.
- வண்டி ஓடும்போது குளிர்ந்து, போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது குளிர்ச்சி குறைந்தால், ஒடுக்கியின் மின்விசிறி இயங்காமலிருக்கலாம் அல்லது ஒடுக்கியில் சேறும் பூச்சிகளும் படிந்திருக்கலாம். மென்மையான நீர்ப் பீச்சலால் இதனைக் கழுவலாம். அழுத்தம் மிகுந்த நீர் ஒடுக்கியின் மெல்லிய தகடுகளை வளைத்துவிடும்.
- கிளட்ச் இணையவே இல்லையெனில் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுருள், அழுத்த உணரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வளிமம் முற்றிலும் வெளியேறியிருந்தாலும் இவ்வாறு நிகழும்.
- கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை இணைந்து பிரிந்தால் வளிமம் குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி.
- சிறிது நேரம் நன்கு குளிர்ந்து பின்னர் காற்றே வராமல் போனால், ஆவியாக்கியில் பனி உறைந்திருக்கலாம். வெப்பநிலை உணரியின் பழுது இதற்கு ஒரு காரணமாகும்.
- அழுத்தங்கள் சரியாக இருந்தும் காற்று வெதுவெதுப்பாக வந்தால், சூடாக்கியின் பக்கம் காற்றைத் திருப்பும் கதவு சிக்கியிருக்கலாம்.
- காலடி விரிப்பு நனைந்திருந்தால் நீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கக்கூடும்.

கசிவைக் கண்டறிதல்

ரப்பர் குழாய்கள் வழியாகவும் மூட்டுகள் வழியாகவும் மிகச் சிறிதளவு வளிமம் எப்போதும் வெளியேறும். ஆயினும் நல்ல நிலையிலுள்ள ஓர் அமைப்பு பல ஆண்டுகள் மீள்நிரப்பலின்றி இயங்கும். ஓராண்டுக்குள் குளிர்ச்சி போய்விட்டால் அது கசிவே.

கசிவு பெரும்பாலும் நிகழும் இடங்கள் குழாய் மூட்டுகளிலுள்ள ஓ-வளையங்கள், நிரப்பு வாயிலின் வால்வு ஊசி, கல் தெறித்த ஒடுக்கி, அமுக்கியின் தண்டு அடைப்பு, ஆவியாக்கி ஆகியனவாகும். மூட்டின் மீது எண்ணெய்ப் பசையுடன் தூசி ஒட்டியிருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். வெறுங்கண்ணுக்குத் தெரியும் இவ்வடையாளத்தைச் சோதிக்கச் செலவே இல்லை. சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா எனப் பார்த்தல், புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்தல், மின்னணுக் கசிவு உணரியைப் பயன்படுத்தல் ஆகியவை பிற முறைகள்.

அமைப்பு வெறுமையாக இருந்தால் உலர் நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் நிலைக்கிறதா எனச் சோதிப்பர். இதற்கு ஆக்சிசனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அழுத்தப்பட்ட ஆக்சிசன் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றும் ஈரத்தைக் கொண்டு சேர்ப்பதால் ஏற்றதன்று.

ஓ-வளையமும் வால்வு ஊசியும் மிக மலிவான பாகங்கள். மாறாக, ஆவியாக்கியை மாற்றப் பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருப்பதால் கூலி மிகுதியாகும். எனவே எந்தப் பாகம் கசிகிறது என்பதை அறிந்த பின்னரே செலவுக்கு ஒப்புதல் அளிப்பது நல்லது.

அழுத்த அளவீடு

எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆனபின், இரு பக்க அளவிகளும் ஒரே அழுத்தத்தைக் காட்டும். இது வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. தூய ஆர்-134ஏ வளிமத்துக்கு அளவியில் தோன்றும் தோராயமான மதிப்புகள்:

- 20 °செ: 4.7 பார் (68 பி.எஸ்.ஐ.)
- 25 °செ: 5.6 பார் (82 பி.எஸ்.ஐ.)
- 30 °செ: 6.7 பார் (97 பி.எஸ்.ஐ.)
- 35 °செ: 7.9 பார் (114 பி.எஸ்.ஐ.)
- 40 °செ: 9.2 பார் (133 பி.எஸ்.ஐ.)

அமைப்பினுள் ஒரு துளி நீர்மம் எஞ்சியிருந்தாலும் இதே அழுத்தம் காட்டும். எனவே அழுத்தம் சரியாக இருப்பதைக் கொண்டு அளவு சரியாக உள்ளது எனக் கூற இயலாது. அழுத்தம் இதைவிட மிகவும் குறைவாயின் வளிமம் பெரும்பாலும் வெளியேறிவிட்டது எனலாம். கூடுதலாயின் காற்றோ வேறு வளிமமோ கலந்திருக்கலாம். சரியான அளவை உறுதி செய்ய ஒரே வழி, இருப்பதை வெளியே எடுத்து எடை போட்டு மீண்டும் நிரப்புவதாகும்.

மீள்நிரப்பும் முறை

1. எஞ்சியுள்ள வளிமத்தை மீட்புக் கருவியால் சிலிண்டரில் சேகரித்து எடையைக் குறித்துக்கொள்ளல்.
2. கசியும் பாகத்தை மாற்றுதல். அமைப்பு நெடுநாள் திறந்து கிடந்திருந்தால் ஈரம் உறிஞ்சியையும் மாற்றுதல்.
3. வெற்றிட எக்கியால் குறைந்தது அரை மணி நேரம் காற்றை அகற்றுதல். அழுத்தம் சுமார் 30 மில்லிபாருக்குக் கீழே சென்றால் 25 °செ வெப்பநிலையிலேயே நீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். இதனைத் தவிர்த்தால் எஞ்சும் ஈரம் விரிவு வால்வில் உறையும். அமிலமாக மாறிப் பாகங்களை அரிக்கவும் கூடும்.
4. எக்கியை நிறுத்தி, வெற்றிடம் நிலைக்கிறதா எனப் பார்த்தல்.
5. இழந்த அளவுக்கு எண்ணெய் சேர்த்தல்.
6. எஞ்சின் அறையிலுள்ள ஒட்டுத்தாளில் குறிப்பிட்ட எடை அளவு வளிமத்தை நிரப்புதல். சிறிய வண்டிகளுக்கு இது பெரும்பாலும் அரை கிலோகிராமுக்கு அருகில் இருக்கும்.

கூடுதலாக நிரப்பினால் கூடுதலாகக் குளிரும் என்பது தவறான கருத்தாகும். மிகை வளிமம் ஒடுக்கியை நிறைத்து உயர் அழுத்தத்தை ஏற்படுத்துவதால் குளிர்ச்சி குறையும். அமுக்கியின் சுமையும் கூடும்.

வாடிக்கையாளர் பட்டறையில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: கசிவு எங்கே இருந்தது? எவ்வளவு நேரம் வெற்றிடமாக்கப்பட்டது? எத்தனை கிராம் நிரப்பப்பட்டது? இவற்றுக்கு விடை கிடைக்காத பணி, விலை குறைவாயினும் மலிவானதன்று.

செலவைக் குறைக்கும் வழக்கங்கள்

- குளிர்காலத்திலும் மாதம் ஒரு முறையேனும் பத்து நிமிடம் குளிரூட்டியை இயக்கினால் அமுக்கியின் தண்டு அடைப்பு எண்ணெய்ப் பசையுடன் இருக்கும், உலர்ந்து கசியாது.
- வெயிலில் நின்ற வண்டியில் முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூடான காற்றை வெளியேற்றிய பின், உட்காற்றையே சுழற்றும் நிலையில் வைத்தால் விரைவில் குளிரும்.
- பயணம் முடியும் சில நிமிடங்களுக்கு முன் குளிரூட்டியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விட்டால் ஆவியாக்கி உலரும். பூஞ்சையும் கெட்ட நாற்றமும் குறையும்.
- கசிவை அடைக்கும் பசைத் திரவங்களைத் தவிர்க்க வேண்டும். அவை விரிவு வால்வையும் பட்டறையின் மீட்புக் கருவியையும் அடைத்துவிடக்கூடும்.

பாதுகாப்பு

நீர்ம நிலையில் வெளியேறும் வளிமம் தோலையும் கண்ணையும் உறையச் செய்யும். கண்ணாடியும் கையுறையும் இன்றி இப்பணியில் ஈடுபடக் கூடாது. ஆர்-134ஏ நெருப்பில் பட்டால் நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் புளோரைடு உண்டாகும். எஞ்சின் ஓடும்போது சிறு குப்பியை உயர் அழுத்தப் பக்கம் இணைத்தால் குப்பி வெடிக்கலாம்.

விலை மிகக் குறைந்த போலி வளிமங்கள் பேராபத்து விளைவிப்பவை. ஆர்-40 எனப்படும் மெத்தில் குளோரைடு அலுமினியத்துடன் வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் சேர்மத்தை உருவாக்கும். 2011இல் வியட்நாமில் பழுது பார்க்கப்பட்ட சில குளிர்பதனக் கப்பற் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததற்கு இக்கலப்படமே காரணமெனக் கருதப்பட்டது. சமையல் வளிமத்தை நிரப்புவதும் தீ விபத்துக்கு வழி வகுக்கும்.

மின் தானுந்துகளின் அமுக்கி உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால், அதற்கென வகுத்த மின்காப்புத் தன்மையுள்ள எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் மட்டுமே இவற்றைத் திறக்கலாம்.

சுற்றுச்சூழல்

ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வளிமத்தைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு புவியை வெப்பமாக்கும் என 2007இல் மதிப்பிடப்பட்டது. இதன்படி 450 கிராம் வளிமம் வெளியேறுவது சுமார் 640 கிலோகிராம் கரியமில வளிமத்துக்கு ஈடாகும். இது ஏறத்தாழ 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். அமெரிக்காவில் இதனை வேண்டுமென்றே காற்றில் விடுவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கப்படும் எல்லாப் புதிய தானுந்துகளிலும் 150க்கும் குறைந்த வெப்பமாக்கும் மதிப்புடைய பொருளே பயன்படுத்தப்பட வேண்டும். ஆர்-1234ஒய்எஃப் இவ்வாறு வந்த மாற்றுப் பொருளாகும். இது விலை மிகுந்தது, மெலிதாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-134ஏ உடன் இதனைக் கலத்தல் கூடாது. 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தின்படி உலக நாடுகள் ஆர்-134ஏ போன்றவற்றின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இத்திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. இந்தியாவுக்கான குறைப்பு 2032இல் தொடங்கி 2047இல் 85 விழுக்காட்டை எட்ட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- குளிர்பதனச் சுழற்சி
- ஓசோன் படலம்
- மொன்றியல் உடன்படிக்கை
- புவி வெப்பமடைதல்