சுங்க வாசலும் கடைக் கட்டட வாசலும்

வணிகக் கட்டடங்களில் வருவோரை நிறுத்தி விசாரிப்பது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும் கருவி வேண்டுமானால் புதிது. வாசலில் இருந்துகொண்டு ‘யார், எந்த ஊர், என்ன சரக்கு’ என்று கேட்பது நம் நாட்டில் மிகப் பழைய தொழில்.

1905இல் மைசூரில் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909இல் அச்சேற்றிய அர்த்த சாஸ்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். நகரின் பெரிய வாயில் அருகே சுங்கச் சாலை, அதற்கு ஒரு கொடி. நாலைந்து பேர் உட்கார்ந்து வணிகர் யார், எங்கிருந்து வருகிறார், சரக்கு எவ்வளவு, முதல் முத்திரை எங்கே இடப்பட்டது என்று எழுதிக்கொள்வார்கள். முத்திரை இல்லாத சரக்குக்கு இரட்டைச் சுங்கம். கள்ள முத்திரைக்கு எட்டு மடங்கு! ஆள் நடமாட்டத்துக்கோ வேறொரு அதிகாரி, முத்திராத்தியட்சன். ஒரு மாஷம் வாங்கிக்கொண்டு அனுமதி முத்திரை தருவார். அது இல்லாமல் போக்குவரத்து செய்தால் 12 பணம் தண்டம். சரக்குக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்ததைக் கவனியுங்கள். வியாபாரியாகிய எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

நம் பூம்புகாரிலும் அப்படித்தான். மூட்டைகளில் புலிப்பொறி இட்டுக் காவலோடு குவித்து வைத்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. சிலப்பதிகாரம் காட்டும் வெள்ளிடை மன்றத்திலோ கதவில்லை, தாழில்லை, காவலாளும் இல்லை. பெயரும் குறியும் எழுதிய பொதிகள் மட்டும் கிடக்கும். திருட வந்தவன் பொதியைத் தலையில் சுமந்தபடி அங்கேயே சுற்றிச்சுற்றி வருவானாம், வெளியே போக முடியாது. தெய்வ நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே வருவதைவிட வெளியே போவதில்தான் பூட்டு என்பது எவ்வளவு கெட்டிக்கார யோசனை!

இவையெல்லாம் வரியையும் சரக்கையும் காப்பதற்கு ஏற்பட்டவை. உயிருக்கு ஆபத்து வாசல் வழியே வரும் என்பதைப் பம்பாய் 1993 மார்ச் 12 அன்று கண்டது. பங்குச் சந்தைக் கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் நின்ற காரில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் குண்டு வெடித்தது. ஏர் இந்தியா கட்டடத்திலும் கார்தான். நகரம் முழுதும் அன்று 257 பேர் மாண்டார்கள். தலைச்சுமைக்காரரை மறித்து நூறு கேள்வி கேட்பதும், காருக்குச் சலாம் போட்டுத் திறந்துவிடுவதும் எங்கள் கடைவீதிப் பழக்கம். அது எவ்வளவு தலைகீழான பழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிறகு காருக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பது, உலோகச் சோதனைச் சட்டம் எல்லாம் வந்தன. தனியார் காவல் நிறுவனங்களுக்கு உரிமமும் காவலர்க்குப் பயிற்சியும் வேண்டும் என்று 2005இல் சட்டமே வந்தது. ஆனால் காவல் ஒப்பந்தம் பேசும்போது பயிற்சியைப் பற்றி யார் கேட்கிறார்கள்? ‘தலைக்கு எவ்வளவு’ என்பதுதான் முதல் கேள்வி. குறைந்த கூலிக்கு 12 மணி நேரம் நிற்கும் வாட்ச்மேன், முதலாளியின் காரை மறித்தால் மறுநாள் வேலை இருக்குமா? முதலாளியிடமும் சீட்டுக் கேட்கும் அதிகாரத்தைக் கட்டடச் சங்கம் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சரக்கு வாசல் வேறு, ஆள் வாசல் வேறு. சலானையும் பெட்டி எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகே வண்டி வெளியே போகிறது.