டைனமோவைச் சுற்றின கை யாருடையது?

தொழில்நுட்ப வரலாறு என்றால் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது சாதாரண தரத்துக்குப் பாடமாக்கின ஒரு பட்டியல்தான். நீராவி இயந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட், மின்குமிழுக்கு எடிசன், வானொலிக்கு மார்க்கோனி. பெயர், ஆண்டு, கீழே ஒரு தாடிக்காரரின் படம். அந்தப் பட்டியலில் ஒரு பொருள் பிறந்த நாள் இருக்கும். அது பிறகு யாருடைய வீட்டுக்குப் போனது, பழுதானபோது யார் திருத்தினார்கள், கரண்ட் நின்றுபோன ஊரில் அது என்னவானது என்பதெல்லாம் இருக்காது.

இந்தக் குறையைப் பற்றி நிறைய எழுதியவர் பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன். அவருடைய ‘த ஷொக் ஒஃப் த ஓல்ட்’ 2006இல் வந்தது. அவர் சொல்வது எளிமையானது: கண்டுபிடிப்பின் வரலாறு வேறு, பயன்பாட்டின் வரலாறு வேறு. நாங்கள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதையும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டாம் உலகப் போர் என்றதும் ஜேர்மனியின் டாங்கிகளும் ஏவுகணைகளும் கண்ணுக்கு முன் வரும். ஆனால் அந்த இராணுவம் தன் சாமான்களை இழுக்க இலட்சக்கணக்கான குதிரைகளைத்தான் நம்பியிருந்தது. அவர் எழுதுவது சைக்கிளைப் பற்றி, தகரத்தைப் பற்றி, திருத்துகிறவர்களைப் பற்றி.

எங்கட நாட்டைப் பற்றி இதே வழியில் யோசித்தவர் நிரா விக்கிரமசிங்க. 2014இல் வந்த அவருடைய ‘மெற்றலிக் மொடேர்ன்’ காலனித்துவ இலங்கையின் அன்றாட இயந்திரங்களைப் பற்றியது: தையல் மெசின், கிராமபோன், ட்ராம், சைக்கிள். சிங்கர் நிறுவனம் 1877இலேயே இங்கு வந்துவிட்டது. நவீனம் என்பது கவர்னர் மாளிகையிலிருந்து மட்டும் இறங்கி வரவில்லை, தையற்காரரின் காலடியில் இருந்த மிதிபலகை வழியாகவும் வந்தது என்பதை அவர் எழுத்தில் பார்க்கலாம். இந்தியாவைப் பற்றி டேவிட் ஆர்னோல்ட் 2013இல் எழுதிய ‘எவ்ரிடே டெக்னோலொஜி’யிலும் நாயகர்கள் சைக்கிள், தையல் மெசின், தட்டச்சு, நெல் மில் என்று நாலு சின்ன இயந்திரங்கள்தான்.

சரி, இவர்களுடைய கேள்விகளை எடுத்துக்கொண்டு 1990களின் யாழ்ப்பாணத்துக்குப் போனால் என்ன தெரியும்?

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு வந்த ரயில் நின்றது; அது திரும்பி வந்தது 2014 ஒக்டோபரில். மின்சாரம் நின்றது. அரசாங்கம் வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடை போட்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு என்று அந்தப் பட்டியல் நீண்டது. குடாநாடு அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு வரை ஐந்து வருடத்துக்கும் மேல் லட்சக்கணக்கான சனம் இந்த நிலையில் வாழ்ந்தது. வன்னியில் பொருளாதாரத் தடை 2002 வரை நீடித்தது.

அந்தக் காலத்துப் பொருட்கள் சிலவற்றை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜாம் போத்தல் விளக்கு: போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் ரியூபிலிருந்து கழற்றிய வால்வுக்கட்டைக்குள்ளால் ஒரு திரி. சுடர் சின்னது, காத்துக்கு அணையாது, எண்ணெய் கனநேரம் நிற்கும். உயர்தரம் படித்தவர்கள் இந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள். அடுத்தது மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகையும் கரியும் பிறகு பிளக்கைத் துப்பரவாக்கும் வேலையும் அதற்கான விலை.

எல்லாவற்றையும்விடப் பிரபலம் டைனமோ றேடியோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். கேட்க லேசாக இருக்கு. ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் ஒரு டயோட் வேண்டும், பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவாயி என்று படித்த அதே சாமான். புதிதாக வாங்கக் கடையில் கிடைக்காது. பழுதான றேடியோ ஒன்றிலிருந்து கழற்ற வேண்டும். அதாவது ஊருக்கு ஊர் இதை விளங்கிக்கொண்ட றேடியோ திருத்துகிறவர் ஒருவர் இருந்திருக்கிறார். எட்ஜர்டன் ஒரு சொல் பாவிப்பார்: கிரியோல் தொழில்நுட்பம். ஓரிடத்தில் பிறந்த பொருள் இன்னொரு இடத்துக்குப் போய், பிறந்த ஊரில் இல்லாத உபயோகத்தைப் பெறுவது. சைக்கிள் லைற்றுக்காகச் செய்த டைனமோ செய்தி வாசித்ததைவிட இதற்கு நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது இந்தக் கதைகள் முகநூலில் ஒரே தொனியில் வருகின்றன: “எங்கட ஆக்கள் அப்பவே சைக்கிளில கரண்ட் எடுத்தவை.” பெருமைப்பட உரிமை இருக்கு. ஆனால் பெருமையோடு மட்டும் நிறுத்தினால் அதுவும் கண்டுபிடிப்புப் பட்டியல்தான். தாடிக்காரருக்குப் பதிலாக ‘எங்கட ஆக்கள்’ என்ற பெயர் வந்திருக்கும், அவ்வளவுதான்.

எட்ஜர்டனிடம் இன்னொரு கேள்வி இருக்கு. ஒரு தொழில்நுட்பத்தின் முக்கியத்துவத்தை அளக்க வேண்டுமென்றால், அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். டைனமோ றேடியோ இல்லாவிட்டால் என்ன இருந்திருக்கும்? சாதாரண ரோச் பற்றரி. யாரும் அதை மறந்துபோகவில்லை, தொலைக்கவுமில்லை. ஒரு அரசாங்கம் தன் குடிமக்களுக்குப் பற்றரியைத் தடைசெய்தது. ஆகவே டைனமோ றேடியோவின் வரலாற்றைப் பற்றரித் தடையின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது. தடையைத் தாண்டி வந்த பொருளுக்குப் புலிகளும் வரி எடுத்தார்கள், வியாபாரிகளும் விலை வைத்தார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் விலைக்குள் இவ்வளவு பேர் இருந்தார்கள். இதை வெறும் ‘புத்தாக்கம்’ என்று சொன்னால் தடை போட்டவர்களுக்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது விஷயம் உழைப்பு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன் 1983இல் ‘மோர் வேர்க் ஃபோ மதர்’ என்ற புத்தகத்தை எழுதினார். வீட்டுக்குப் புது இயந்திரங்கள் வந்தும் பெண்களுடைய வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பது அவருடைய கேள்வி. அடுப்பு மாறியபோது விறகு கொத்தின ஆணின் வேலை குறைந்தது, சமைத்த பெண்ணின் வேலை குறையவில்லை என்று காட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் நடந்தது இதன் மறுபக்கம். இயந்திரங்கள் வீட்டைவிட்டு வெளியே போயின. அப்போது வேலை யாரிடம் வந்தது?

அம்மம்மாவிடம் கேட்டேன். றேடியோவைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “கரண்ட் இல்லாதது ஒரு பக்கம் பிள்ளை. மில் நிண்டதுதான் இடுப்பை முறிச்சது” என்றார். மில்லுக்கு எண்ணெய் இல்லையென்றால் மா வீட்டில் இடிபட வேண்டும். உரலும் உலக்கையும் திரும்பி வந்தன. தண்ணி மோட்டர் நின்றதால் கிணற்றில் அள்ள வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பு நின்றதால் விறகு, பாளை, ஊமல் என்று வளவு முழுக்கப் பொறுக்க வேண்டும். இந்த வேலைகளைப் பற்றி முகநூல் பதிவு ஒன்றையும் நான் காணவில்லை. உலக்கை ஒரு ‘கண்டுபிடிப்பு’ இல்லையே.

டைனமோவைக்கூட யார் சுற்றினது? எங்கட வீட்டில் சுற்றினது அம்மா. அப்போது பதினாலு வயது. செய்தி கேட்டது அம்மப்பாவும் பக்கத்து வீட்டு ஆம்பிளைகளும். கை களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கம்மும், உடனே பேச்சு விழும். அம்மா இப்போது இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தச் செய்தியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை, எத்தனை நிமிடம் சுற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவது விஷயம் ‘எங்கட ஆக்கள்’ என்ற சொல். யாழ்ப்பாண நகரில் தையல், இரும்புச் சாமான் கடை, லொறிப் போக்குவரத்து ஆகியவற்றில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சோனகதெருவைச் சுற்றி வாழ்ந்த அவர்களைப் புலிகள் 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போக யாரும் விடவில்லை. நிரா விக்கிரமசிங்கவின் புத்தகத்தில் வரும் தையல் மெசினைப் படித்துவிட்டு அந்தத் தெருவை நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும்: ஊரின் தொழில்நுட்ப அறிவில் ஒரு பெரிய பங்கு தடை தொடங்கின சில மாதத்திலேயே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டது. தடைக்கால ‘நாங்கள் எப்படிச் சமாளித்தோம்’ கதைகளில் அவர்கள் இல்லை. சமாளிப்பதற்கே விடப்படாதவர்கள் எந்தக் கதையில் வருவார்கள்?

2022க்கு வருவோம். மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தினார்கள். யூலையில் கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். சைக்கிள் விலை ஏறியது. அப்போது வடக்கில் வயதானவர்கள் பலர் “இதெல்லாம் நாங்கள் கண்டது” என்று சொன்னார்கள். அந்த வார்த்தையில் அனுபவம் இருக்கு, கொஞ்சம் கசப்பும் இருக்கு. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 2022இல் டொலர் முடிந்ததால் எண்ணெய் வரவில்லை. 1990இல் எண்ணெய் இருந்தது, அதை ஒரு ஆயுதமாக நிறுத்தி வைத்தார்கள். பொருள் இல்லாத வீட்டுக்குள் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். அந்த வித்தியாசத்தைச் சொல்ல வரலாறு தேவை.

அந்த வரலாறு இன்னும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. போரின் திகதிகள் எழுதப்பட்டிருக்கு, தலைவர்களின் பெயர்கள் இருக்கு. றேடியோவுக்குள் டயோட் வைத்தவரின் பெயர் இல்லை. அப்போது முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து. ஜாம் போத்தல் விளக்கு குப்பைக்குப் போய்விட்டது. எங்கள் பீடத்தில் ஒவ்வொரு வருடமும் ஆய்வுத் தலைப்புக்காக எல்லாரும் அலைகிறோம். தலைப்பு வீட்டுக் குசினியில் இருக்கு.

அடுத்த முறை யாராவது உங்களுக்கு அந்தக் காலத்துக் கதை சொன்னால், போனில் பதிவுபண்ணுங்கோ. என்ன செய்தீர்கள் என்று கேட்கிறதோடு நிற்காமல் சாமான் எங்கேயிருந்து வந்தது, என்ன விலை, யார் செய்து தந்தது, யார் இடிச்சது, யார் சுத்தினது, அந்த வருடம் பக்கத்துத் தெருவில் யார் இல்லாமல் போனது என்றும் கேளுங்கோ. கடைசிக் கேள்விக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பதிவை நிறுத்தாதேங்கோ.